கொறங்காடெல்லாம் சோலாருக்குப் போய்விட்டால் ஆடு எங்கே மேயும்?

வெள்ளகோவில்வாசி

வெள்ளகோவில், மூலனூர், குண்டடம் பக்கம் இப்போது எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு ஒன்றுதான். யார் காடு சோலாருக்குப் போகிறது, ஏக்கருக்கு என்ன பேசினார்கள், குத்தகையா கிரயமா. இதே பெஞ்சில் மழையையும் ஆட்டு விலையையும் பேசிக்கொண்டிருந்த ஆட்கள்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு சோலார் மேல் கோபம் ஒன்றும் இல்லை. என் வீட்டு மொட்டை மாடியிலும் இருக்கிறது. காட்டைக் கொடுக்கிறவர்கள் மேலும் கோபம் இல்லை. "சும்மா கிடக்கிற காடுதானே" என்கிறார்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் சுற்றுவட்டாரத்திலும் கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சி வரைக்கும் இருக்கிற மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. வனத்துறைக் காடு என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் பட்டா நிலம். வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையை நம்பி வருசா வருசம் வெள்ளாமை வைத்து நட்டப்படுவதற்குப் புல்லை வளர்த்து ஆடு மாடு மேய்ப்பது மேல் என்று பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். சில வருசத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டுத் திரும்பவும் புல்லுக்கு விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு காடும் நாலு ஏக்கர், எட்டு ஏக்கர் என்று தனித்தனியாக முள்கிளுவை வேலிக்குள் இருக்கும். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். வைகாசி வெயிலில் பார்த்தால் வெறும் பொட்டல். ஆனால் கொழுக்கட்டைப்புல்லின் தூர் சாகாது. ரெண்டு நல்ல மழை விழுந்தால் பச்சை கிளம்பிவிடும். கதிர் விட்டு விதை உதிர்ந்த பிறகுதான் ஆட்டை உள்ளே விடுவோம். ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டுவோம். கோடையில் புல் தீருகிற நேரத்தில் வெள்வேலங்காய் உதிர ஆரம்பிக்கும். காற்று ஒரு அடி அடித்தால் போதும், காய் சலசலவென்று விழுகிற சத்தத்துக்கு நிழலில் கண்மூடிப் படுத்திருந்த ஆடெல்லாம் எழுந்து அந்த மரத்தடிக்கு ஓடும். ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து முளைத்ததுதான் இங்கே இருக்கிற மரத்தில் பாதி. யாரும் நர்சரியில் வாங்கி நட்டதில்லை.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கயம் மாடு என்றால் சென்னைக்காரர்களுக்கும் தெரிகிறது. செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, மாறுகிற அந்தக் கன்றை ஆளாக்கியது இந்தக் காடு. மாட்டுக்கு மாலை போடுகிறோம், அது மேய்ந்த இடத்துக்கு வருவாய்த் துறை அடங்கல் பதிவேட்டில் தரிசு என்று எழுதுகிறோம்.

சோலார் வரும்போது முதலில் ஜேசிபி வருகிறது. வேலி போகிறது, மரம் போகிறது, மேடு பள்ளம் சமமாகிறது, சுற்றிலும் கம்பி வலை ஏறுகிறது. புல் முளைத்தால் பேனலுக்கு இடைஞ்சல் என்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4, 5 ஏக்கர் வேண்டும். 50 மெகாவாட் என்றால் ஒரு குக்கிராமத்தின் மேய்ச்சல் மொத்தமும் போயிற்று. இதற்கு என்ன வழி என்று பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மூலனூர் முருங்கை

அண்ணா, படிக்க நன்றாக இருக்கிறது. நான் காட்டைக் கொடுத்தவன், அதனால் நானே முதலில் பேசிவிடுகிறேன்.

எங்கள் அப்பாரு காலத்தில் ஆட்டை ஓட்ட ஆள் இருந்தது. இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? பையன்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். வாராவாரம் சம்பளம், நிழலில் வேலை. அவர்களை ஏன் வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடக்கவில்லை என்று நாம் கேட்க முடியாது. கிளுவை வேலி கட்ட ஆள் கூப்பிட்டால் கூலி கட்டுபடியாகாது. முள் கிழித்த கையோடு ஒரு நாள் வந்தவர் மறுநாள் வரமாட்டார். காட்டை மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டால் வருகிற பணத்தைச் சோலார்க்காரன் கொடுக்கிற பணத்தோடு வைத்துப் பேசவே முடியாது. எனக்குப் பெண் கல்யாணம் இருந்தது. வேறு யார் வந்து அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்று, கொறங்காடு போனதற்குச் சோலார் மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கம் நானூறு அடி, அறுநூறு அடி போர் போட்டுத் தென்னையும் முருங்கையும் வைத்தபோதே பாதிக் காடு போய்விட்டது. ரோட்டோரத்தில் சைட் பிரித்ததில் இன்னும் கொஞ்சம் போனது. அப்போதெல்லாம் யாரும் கண்ணீர் விடவில்லை. சோலார் வந்ததும் எல்லோருக்கும் புல் ஞாபகம் வந்துவிட்டது.

கோவைப்புதூர்

மூலனூர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விசயம் நிறையப் பேருக்குத் தெரியாது. சோலார் பேனல் திட்டங்களுக்கு 2006-ஆம் வருசத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. புகை இல்லை, கழிவு இல்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். நிலத்தில் என்ன இருந்தது, யார் மேய்த்தார்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் வேலையில்லை. பட்டாதாரர் சம்மதித்தால் முடிந்தது.

நான் ஊரில் இல்லாதவன், நிலக்கரி எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவன். அதனால் சோலாரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. திருப்பூரிலும் பெருந்துறையிலும் எத்தனை ஏக்கர் தகரக் கூரை சும்மா வெயிலில் காய்கிறது? குஜராத்தில் 2012-லேயே நர்மதைக் கால்வாய்க்கு மேலே பேனல் போட்டுக் காட்டினார்கள். நமக்குப் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் இருக்கிறது. செலவு கூட ஆகும்தான். காலி நிலம் மலிவு என்பதால்தானே காட்டுக்கு வருகிறார்கள்?

நமக்கு ஏன் காற்றாலை போதாது என்றும் யாராவது சொல்லுங்கள்.

வெள்ளகோவில்வாசி

காத்தாடி விசயத்தை நான் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் இங்கே ஆளைத் தள்ளும். அதனால்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இத்தனை காத்தாடி. பாதி மில்காரர்கள் சொந்த உபயோகத்துக்குப் போட்டது. ஆனால் அந்தச் சீசன் முடிந்தால் அவ்வளவுதான், ஐப்பசிக்கு மேல் றெக்கை பேருக்குச் சுற்றும். வெயில் அப்படியில்லை, வருசம் பூராவும் இருக்கிறது. அதனால் இரண்டும் வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை.

மேய்ச்சலுக்கு இரண்டும் ஒன்றில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. காத்தாடிக்கு அடித்தளமும் வழித்தடமும் போக மீதி நிலம் நிலமாகவே இருக்கும். எங்கள் ஊரில் காத்தாடி நிழலில்தான் ஆடு அசை போடுகிறது. சோலார் தரையையே மூடிவிடுகிறது.

மூலனூர்த் தம்பிக்கு: உங்கள் வீட்டுக் கல்யாணத்தை வைத்து நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். தென்னை வைத்தபோது ஏன் பேசவில்லை என்றால், அப்போதும் பேசியிருக்க வேண்டும்தான். ஆனால் தென்னை வைத்தவர் தண்ணீர் வற்றினால் காட்டைத் திரும்பப் புல்லுக்கு விட்டுவிடலாம். மேல்மண்ணைச் சுரண்டிக் கம்பம் இறக்கிய நிலம் இருபத்தஞ்சு வருசம் கழித்துத் திரும்பி வரும்போது அதில் கொழுக்கட்டைப்புல் தூர் இருக்குமா?

சாளைக்காரி

நீங்கள் எல்லாம் சோலார், காத்தாடி என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆட்டை விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் நாய்க்குப் பயந்து விற்றவர்கள்.

நாங்கள் காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீட்டில் இருக்கிறோம். பட்டியில் செம்மறி அடைத்திருந்தோம். மார்கழி மாதம், விடிகாலை. நாய் குரைத்தால்தானே எழுந்திருப்போம்? கூட்டமாக வருகிற நாய் குரைக்காது. மாமியார் பால் கறக்க எழுந்தபோதுதான் பார்த்தார்கள். ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கழுத்தையும் தொடையையும் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது. உயிரோடு இருந்த ஆடுகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. சினையாடு ரெண்டு அதில் மூச்சு முட்டியே செத்திருந்தது. பட்டிக்குப் பின்னால் கிளுவை பட்டுப்போன இடத்தில் ஒரு பழைய புடவையைக் கட்டி அடைத்திருந்தோம், அதற்கு அடியில்தான் மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்திருக்கிறது.

இதெல்லாம் இந்த அளவுக்கு ஏன் வந்தது? ரோட்டோரப் பள்ளத்தில் மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவைக் கொட்டுகிறார்கள். குடலும் தோலும் தின்று பழகின நாய் ஒரு நாள் கழிவு வராவிட்டால் பட்டிக்கு வருகிறது. செத்த ஆட்டை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்ததெல்லாம் பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகுதான் 2025-ல் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஆனால் டாக்டர் வந்து பார்த்து, பிரேதப் பரிசோதனை செய்து, சான்று வாங்கி, மனு எழுதி, போட்டோ ஒட்டி... எங்கள் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கப் போனால் அடுத்த மேசையைக் காட்டுகிறார்கள்.

இவ்வளவும் பட்ட பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் சோலாருக்குக் கொடுத்தார். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான் வந்தது.

பல்லடம் பண்ணை

அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் பழியைக் கோழிப்பண்ணை மேல் போடாதீர்கள். பண்ணையில் இருந்து கோழி உயிரோடுதான் லாரி ஏறுகிறது. கழிவு வருவது கறிக்கடையில். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் ஒரு டவுனில் சேருகிற குடலையும் இறகையும் எங்கே போடுவது என்று கடைக்காரருக்கு யாரும் இடம் காட்டவில்லை. அதை வேகவைத்து மீன் தீவனத்துக்கும் நாய் தீவனத்துக்கும் பொடியாக்குகிற ஆலைகள் இருக்கின்றன. கடையில் இருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி ஏற்பாடு செய்தால் போதும். நகராட்சி குப்பை வண்டி விடுகிறதே, அந்த மாதிரி.

அமராவதிக் கரை

2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு டெல்லி நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாள் கழித்து, கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநாயும் கடிக்கிற நாயும் மட்டும் விலக்கு. டிவியில் ரெண்டு பக்கமும் கத்தினார்கள். எங்கேயாவது ஒருத்தராவது ஆட்டுப்பட்டியைப் பற்றிப் பேசினார்களா? நகரத்து நாய் ஆளைக் கடிக்கும், அதற்கு வழக்கு உண்டு. நம்மூர் நாய் ஆட்டைக் கடித்தால் அது வெறும் பெட்டிச் செய்தி.

பூனைப்பருந்து

பறவை பார்க்கிற பழக்கத்தில் கொறங்காட்டுப் பக்கம் அடிக்கடி வருகிறவன். ஒரு வேற்றுமையைச் சொல்ல வேண்டும்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல் சேர்ந்தது. சந்தோசம்தான். குளம் என்றால் தண்ணீர் இருக்கிறது, தண்ணீரில் வாத்து இருக்கிறது, போட்டோ நன்றாக வருகிறது. புல்வெளிக்கு அப்படி ஒரு பட்டியலும் இல்லை. கவுதாரி, மஞ்சள்மூக்கு ஆட்காட்டி, வானம்பாடி எல்லாம் தரையிலேயே முட்டை வைக்கிற பறவைகள். ஆட்காட்டிக்குக் கூடு என்றே ஒன்று கிடையாது, நாலு சரளைக்கல் நடுவில் கல் நிறத்திலேயே முட்டை கிடக்கும். மிதிக்கப் போகிற தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பனிக்காலத்தில் வடக்கே மத்திய ஆசியாவில் இருந்து பூனைப்பருந்துகள் வந்து இந்தப் புல்லுக்கு மேலே தாழப் பறந்து எலியும் வெட்டுக்கிளியும் பிடிக்கும். ராத்திரி தங்குவதும் புல்லுக்குள்தான், மரத்தில் அடையாது. ஜேசிபி ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தரிசு என்று சொல்லித்தானே அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளகோவில் பக்கம் இன்னும் ஆடு மேய்கிற காடுகளில் இந்தப் பறவைகள் இருக்கின்றன. ஆடே விடாமல் அடைத்துப் போட்ட காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிடுகிறது, அங்கே இவை இல்லை. பறவைக்காகவாவது ஆடு மேய வேண்டும் என்பேன்.

மூலனூர் முருங்கை

எல்லாப் பறவையையும் சொன்னீர்கள், மயிலை விட்டுவிட்டீர்களே? தக்காளி, கம்பு, நிலக்கடலை எதையும் விட்டு வைப்பதில்லை. விரட்டினால் நாலு அடி நகர்ந்து நின்று நம்மையே பார்க்கும். தேசியப் பறவை, முருகன் வாகனம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. எங்கள் பக்கம் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்கிற ஒரே ஜீவன் விவசாயிதான்.

வெள்ளகோவில்வாசி

மயிலுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து அழுகிறேன்.

சரி, விசயத்துக்கு வருவோம். சாளைக்காரி அக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. காட்டை விற்காதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆடு வளர்ப்பு கட்டுபடியானால் காடு தானாக நிற்கும். அதற்கு நாய்த் தொல்லை தீர வேண்டும், வேலிக்கு உதவி வேண்டும். கம்பி வேலிக்கு மானியம் என்று அவ்வப்போது கேள்விப்படுகிறோம், கிளுவை வேலி வைக்கிறவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. கம்பி துருப்பிடிக்கும், கிளுவை வருசா வருசம் தழைக்கும், வெள்ளாட்டுக்குத் தழையும் ஆகும். அடர்த்தியாக இருந்தால் நாயும் நுழையாது.

சோலார் வருகிற இடத்திலாவது நிபந்தனை போடலாம் இல்லையா? போட்டால் தொழில் போய்விடும் என்பார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் இதைத்தான் சொன்னார்கள். பாசனத்துக்காக 1992-ல் நொய்யல் ஆற்றில் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே கிணறெல்லாம் உப்பேறி, விவசாயிகள் வருசக் கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த பிறகு வந்த தீர்ப்பு அது. ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறினார்கள். செலவுதான், திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனாலும் திருப்பூர் இன்னும் பனியன் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நொய்யல் கெட்ட பிறகு போட்ட நிபந்தனையைக் கொறங்காட்டுக்குக் கெடுவதற்கு முன்னாலேயே போடலாம்.

பேனலுக்கு அடியில் ஆடு மேய்க்கலாம் என்று வெளிநாட்டில் செய்கிறார்களே, இங்கே நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராபுரம் ஒயர்மேன்

ரெண்டு மூன்று சோலார் சைட்டில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நடக்கும், ஆனால் செம்மறி மட்டும். வெள்ளாடு பேனல் மேலேயே ஏறி நிற்கும், ஒயரைக் கடிக்கும், ஒரே நாளில் கம்பெனிக்காரன் ஓடிவிடுவான். செம்மறி குனிந்த தலை நிமிராமல் மேயும். பேனலின் கீழ்விளிம்பு ஆட்டு முதுகுக்கு மேலே இருக்க வேண்டும், கேபிள் எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும். கம்பத்தை உயர்த்தினால் இரும்புச் செலவு கூடும், ஆடிக்காற்றுக்குத் தாங்க அடித்தளமும் பலமாகப் போட வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே கேட்டால்தான் உண்டு. கட்டி முடித்த பிறகு யாரும் உயர்த்த மாட்டார்கள்.

புல்லை வெட்டுகிற ஆள் கூலியும் மருந்துச் செலவும் மிச்சமாகும் என்று சொன்னால் சைட் மேனேஜர்கள் காது கொடுப்பார்கள். நடுவில் மரம் விடமாட்டார்கள், நிழல் விழும். வடக்கு ஓரத்தில் இருக்கிற வெள்வேலத்தின் நிழல் பெரும்பாலும் வடக்கே வெளியேதான் விழும், அதை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. சும்மா மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள். கிளுவை வேலியும் ஆள் உயரத்துக்குக் கவாத்து செய்தால் இடைஞ்சல் இல்லை. கம்பி வலைக்கு வெளியே அது நிற்கட்டுமே.

பேனல் கழுவுகிற தண்ணீரைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நம்மூர்ச் செம்மண் புழுதிக்கு அடிக்கடி கழுவித்தான் ஆக வேண்டும். போர்த் தண்ணீரில் உப்பு இருந்தால் கண்ணாடியில் திட்டு படியும் என்று சுத்திகரித்துக் கழுவுவார்கள். அதில் மிஞ்சுகிற உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சாளைக்காரி

பேனல் அடியில் மேய்க்க விட்டால் சாயங்காலம் கம்பி வலைக்குள்ளேயே பட்டி போடலாமா? நாய் வராதே. அதைக் கேட்டுச் சொல்லுங்கள். அப்படி என்றால் நான் மறுபடி ஆடு வாங்க ரெடி.

தாராபுரம் ஒயர்மேன்

ராத்திரி வெளியாட்களை விடமாட்டார்கள் அக்கா, கேபிள் திருட்டுப் பயம். ஆனால் பட்டாதாரரே மேய்க்கிறார் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பேசிப் பார்க்கலாம். ஒரு ஆள் தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கேட்பார்கள், ஏனென்றால் நடுவில் ஒரு காடு கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு லைன் இழுக்கச் சிரமம்.

வெள்ளகோவில்வாசி

இது உருப்படியான யோசனை. மூலனூர்த் தம்பி, உங்கள் ஒப்பந்த நகலைப் பெயர், சர்வே நம்பர் எல்லாம் மறைத்து எனக்கு அனுப்ப முடியுமா? மேய்ச்சல், வேலி, மண், தண்ணீர் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுகிறேன். இனிமேல் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் தயார் செய்துவிடலாம்.

மூலனூர் முருங்கை

அனுப்பி வைக்கிறேன் அண்ணா. எல்லாம் இங்கிலீஷ், முப்பது பக்கத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் வக்கீலுக்குப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் நாலு ஏக்கர் மிச்சம் இருக்கிறது, புரோக்கர் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் சொன்னால் நல்லது.